பதினேழாவது மாடியிலிருந்து கிளாஸ்கோ

முதல் நாள், செவ்வாய்

லிஃப்டில் ஏறியதும் 17-ஐ அழுத்தப் போனேன். அந்த எண்ணே அங்கே இல்லை. 2, 4, 6 என்று இரட்டைப்படை எண்கள் மட்டும்தான் இருந்தன. "அக்கா, இது இரட்டைப்படை லிஃப்ட். நமக்கு அது" என்று சித்தி மகள் என் பெட்டியை இழுத்துக்கொண்டு எதிர் லிஃப்டுக்கு நடந்தாள். அறுபதுகளில் கட்டிய உயரக் கட்டடங்கள் பலவற்றில் இதுதான் ஏற்பாடாம். ஒரு லிஃப்ட் ஒற்றைப்படை மாடிகளில் நிற்கும், இன்னொன்று இரட்டைப்படையில். ஒன்று பழுதானால் ஒரு மாடி ஏறியோ இறங்கியோ மற்றதைப் பிடிக்க வேண்டும். முட்டி வலி உள்ளவர்களுக்கு அந்த ஒரு மாடியே பெரும்பாடு.

அவள் இங்கே, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில், நர்ஸாக இருக்கிறாள். நான் வந்தது அவளைப் பார்க்கத்தான். ஆனால் வீட்டுக்குள் நுழைந்து ஹாலின் திரையை விலக்கியதுமே, இந்த ஆறு நாளும் எதைப் பார்த்துக்கொண்டு திரியப் போகிறேன் என்பது முடிவாகிவிட்டது. வடக்கே கேம்ப்சி குன்றுகள் நீலமாகப் படுத்திருந்தன. மேற்கே பல்கலைக்கழகத்தின் கூர்ங்கோபுரம். தெற்கே கிளைட் ஆற்றங்கரையில், கப்பல் வேலை நடந்த காலத்தை நினைவூட்டிக்கொண்டு ஒற்றையாக நிற்கும் ஃபின்னிஸ்டன் கிரேன். இவற்றுக்கு நடுவே எங்கே பார்த்தாலும் இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாக எழுந்து நிற்கும் உயரமான குடியிருப்புகள். எண்ணத் தொடங்கினேன். இருபத்தெட்டுக்கு வருவதற்குள் இருட்டிவிட்டது. ஒவ்வொன்றிலும் விளக்குகள் ஏறின.

இங்குள்ளவர்கள் இவற்றை 'ஹை ஃப்ளாட்ஸ்' என்கிறார்கள். பிரிட்டனில் லண்டனை விட்டால் இந்த நகரம் அளவுக்கு உயரமாகக் கட்டிய ஊர் வேறில்லை. இப்போது வேகமாக இடித்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

ராத்திரி காற்று ஆரம்பித்தது. நம் ஆடிக் காற்று மரத்தில் விழுந்து ஓசை எழுப்பும். இங்கே மரம் எல்லாம் எங்கேயோ கீழே இருக்கிறது. காற்று நேராகக் கட்டடத்தின் மூலையில் வந்து மோதி, ஜன்னல் சட்டத்தின் இடுக்கில் புகுந்து, புல்லாங்குழலை முதன்முதலாக ஊதும் பிள்ளை மாதிரி ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டிருந்தது. "பழகிடும்க்கா. மூணாம் நாள் இது இல்லாம தூக்கம் வராது பாருங்க" என்றாள்.

இரண்டாம் நாள், புதன்

ஏன் இவ்வளவு உயரத்துக்குப் போனார்கள் என்று தெரிய வேண்டுமானால், அதற்கு முன்னால் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்க்க வேண்டும். அதனால் இன்று கார்னெட்ஹில் பகுதியில், பக்லூ தெரு 145-ஆம் எண் கட்டடத்தில் இருக்கும் 'டெனமன்ட் ஹவுஸ்' அருங்காட்சியகத்துக்குப் போனேன்.

டெனமன்ட் என்பது இந்த ஊரின் பழைய அடுக்கு வீடு. மணற்கல் சுவர், மூன்று நான்கு மாடி, எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு நடையும் படிக்கட்டும். அந்தப் பொது நடையை 'குளோஸ்' என்கிறார்கள். ஆக்னஸ் டோவர்ட் என்ற தட்டச்சுப் பணியாளர் 1911-இல் தன் தாயோடு இங்கே குடிவந்து 1965 வரை வாழ்ந்திருக்கிறார். எதையும் தூக்கி எறியாதவர். காஸ் விளக்குகள் இன்றும் எரிகின்றன. காது கொடுத்தால் மெல்லிய சீறல் கேட்கும். சமையலறைச் சுவரில் ஒரு குழிவு, அதற்குள் கட்டில். திரையை இழுத்துவிட்டால் படுக்கையறை. நான் நெடுநேரம் நின்றது ஒரு ஜாம் பாட்டில் முன்னால். பிளம் ஜாம், அவர் கையால் செய்தது. ஆண்டு 1929 என்று எழுதி ஒட்டியிருக்கிறது. ஜாம் கறுத்துப் போய்விட்டது. பாட்டில் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆனால் டோவர்ட் அம்மையார் வசதியானவர் கணக்கில் சேர்த்தி. தனிக் குளியலறை இருந்த வீடு அது. ஊரில் பாதிப் பேரின் நிலைமை வேறு. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது கிளாஸ்கோ வீடுகளில் ஏறக்குறைய பாதி, ஓர் அறை அல்லது இரண்டு அறை மட்டுமே கொண்டவை. ஓரறை வீட்டுக்கு 'சிங்கிள் எண்ட்' என்று பெயர். சமையல், படுக்கை, பிரசவம், சாவு எல்லாம் அந்த ஒரே அறையில். கழிப்பறை மாடிப்படியின் திருப்பத்தில். பல குடும்பங்களுக்கு அது ஒன்றுதான். சுற்றிக் காட்டிய வயதான பெண்மணி, "என் அம்மா எங்களைக் குளிக்க வைத்தது இந்தத் தொட்டியில்தான்" என்று சமையலறைத் தொட்டியைத் தொட்டுக் காட்டினார். இந்த வீட்டுத் தொட்டியை அல்ல, இதே மாதிரி ஒன்றை. ஆனாலும் விரலை உடனே எடுக்கவில்லை.

1945-இல் நகரப் பொறியாளர் ராபர்ட் புரூஸ் ஒரு திட்டம் கொடுத்தார். நகர மையத்தையே இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்றார். நேற்று நான் வந்திறங்கிய சென்ட்ரல் ஸ்டேஷனும் இடிக்க வேண்டிய பட்டியலில் இருந்தது! அடுத்த ஆண்டே வந்த இன்னொரு திட்டம், மக்களில் பெரும் பகுதியை வெளியே புது ஊர்களுக்கு அனுப்பச் சொன்னது. ஈஸ்ட் கில்பிரைடு, கம்பர்னால்டு எல்லாம் அப்படி உருவானவைதான். நகர சபைக்கு இதில் மனசில்லை. ஆள் போனால் வரியும் போகும், ஓட்டும் போகும். ஊர் எல்லைக்குள் இருந்த நிலமோ கொஞ்சம். 1957-இல் 29 பகுதிகளை முழுதாக இடித்துத் திருப்பிக் கட்டக் குறித்தார்கள். அப்புறம் மிச்சமிருந்த ஒரே திசை மேலே.

இந்தக் கதையில் ஒருவர் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. டேவிட் கிப்சன். 1961-இல் நகர சபையின் வீட்டுவசதிக் குழுத் தலைவரானார். சந்து முனையில் காலி மனை கிடந்தாலும் அங்கே ஒரு கோபுரம் எழுப்பிவிட வேண்டும் என்று ஓடியவர். ஒரு குடும்பத்துக்கு இன்று வீடு கொடுக்காவிட்டால் அந்தப் பிள்ளைகளின் பால்யம் முழுவதும் அந்த ஓரறையிலேயே கழிந்துவிடும் என்ற தவிப்பு அவருக்கு. 1964-இல் திடீரென்று இறந்துபோனார். தான் தொடங்கிவைத்தவற்றில் பெரும்பாலானவற்றில் விளக்கு எரிந்ததைப் பார்க்கவில்லை. பின்னால் நடந்த தவறுகளை எல்லாம் அவர் தலையில் போடுகிறவர்கள் உண்டு. இன்று அந்தச் சுவர்க் கட்டிலையும் தொட்டியையும் பார்த்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவசரம் உண்மையானது.

திரும்பும் வழியில் ஹோப் தெருவில் லயன் சேம்பர்ஸ் கட்டடத்தையும் பார்த்தேன். எட்டு மாடி, 1907-இல் முடிந்தது, பிரிட்டனில் கம்பி காங்கிரீட்டில் எழுந்த ஆரம்பகாலக் கட்டடங்களில் ஒன்று. வெளிச்சுவரின் கனம் நாலே அங்குலம். பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள், வியாழன்

கோர்பல்ஸ். ஆற்றுக்குத் தெற்கே, ஒரு காலத்தில் ஐரோப்பாவின் மோசமான சேரிகளில் ஒன்று என்று பேர் வாங்கிய பகுதி. பாதாள ரயிலில் பிரிட்ஜ் ஸ்ட்ரீட்டில் இறங்கி நடந்தேன். இந்த ரயில் 1896-இலிருந்து ஒரே வட்டத்தைச் சுற்றி வருகிறது. மொத்தம் 15 நிறுத்தங்கள். பெட்டி சின்னது. உயரமானவர்கள் குனிந்துதான் உட்கார வேண்டும்.

இங்கே பழைய அடுக்கு வீடுகளைப் பெயர்த்து எடுத்துவிட்டு, அறுபதுகளில் குவீன் எலிசபெத் ஸ்கொயர் என்று ஒரு குடியிருப்பு எழுப்பினார்கள். வடிவமைத்தவர் பேசில் ஸ்பென்ஸ். இங்கிலாந்தில் கவென்ட்ரி பேராலயத்தைக் கட்டியவர். இருபது மாடி, 400 வீடு. வெளியே பெரிய பெரிய பொதுப் பால்கனிகள். துணி காயும் நாளில் பாய் விரித்த கப்பல் மாதிரி தெரிய வேண்டும் என்பது கனவு. கோர்பல்ஸின் தொங்கும் தோட்டங்கள் என்றே பேசினார்கள்.

கனவு கண்டவர் தோட்டத்தை நினைத்தார். மேற்கிலிருந்து வரும் மழையை நினைக்கவில்லை. காங்கிரீட் நனைந்தது. உள்ளே சூடாக்க ஆன செலவு குடியிருந்தவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. சூடாக்காத வீட்டில் சுவரில் வியர்த்தது, வியர்த்த இடத்தில் பூஞ்சை பிடித்தது. பக்கத்தில் எழுபதுகளில் முடித்த இன்னொரு குடியிருப்பின் கதை இதைவிட மோசம். அதன் கட்டுமான முறை அல்ஜீரியா வெயிலில் பயன்பட்டது. அதைக் கொண்டுவந்து கிளாஸ்கோ ஈரத்தில் நட்டார்கள். ஊர் அதற்கு 'டாம்பீஸ்' என்று பெயர் வைத்தது. ஈர வீடுகள் என்று அர்த்தம். பூஞ்சையைக் காட்டிப் புகார் சொன்ன பெண்களிடம், நீங்கள் ஜன்னலைத் திறந்து வைப்பதில்லை, வாழும் விதம் சரியில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெண்கள் விடவில்லை. கூடிப் போராடினார்கள், வாடகையை நிறுத்தினார்கள். கடைசியில் 1987-இல் அது தரைமட்டமானது.

குவீன் எலிசபெத் ஸ்கொயரை 1993 செப்டம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. சிதறி வந்த துண்டு பட்டு, பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி உயிரிழந்தார். அந்த இடத்தில் இப்போது நான்கு மாடி வீடுகளும் மரங்களும் நல்ல அகலமான தெருக்களும் இருக்கின்றன. பழைய அடுக்கு வீட்டின் உயரத்துக்கே திரும்ப வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

ஒரு வீடு இடிவதைத் திருவிழா மாதிரி கூட்டம் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. அதைப் பற்றி நாளைக்கு இன்னும் சொல்ல வேண்டியிருக்கும்.

நான்காம் நாள், வெள்ளி

இன்றைய நாள் நீளமானது.

எங்கள் தளத்தில் எதிர் வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். வயது 78. முதல் நாளே லிஃப்டில் பார்த்து, "எப்படி இருக்கே ஹென்?" என்று கேட்டார். ஹென் என்றால் கோழிதான். இந்த ஊரில் பெண்களைப் பாசமாக அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நம் ஊரில் 'கண்ணு' என்பது போல. நான் உயரக் கட்டடங்களைத் தேடி அலைகிறேன் என்று சித்தி மகள் போட்டுக் கொடுத்துவிட்டாள். "ரெட் ரோடு போனாளா? நான் கூட்டிட்டுப் போறேன். நான் அங்கே வாழ்ந்தவள்" என்று பாட்டி கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பஸ் ஸ்பிரிங்பர்ன் வழியாகப் போனது. ஒரு காலத்தில் உலகத்துக்கே ரயில் எஞ்சின் செய்து அனுப்பிய இடம். இந்திய ரயில்வேக்கும் இங்கிருந்து நிறைய நீராவி எஞ்சின்கள் வந்திருக்கின்றன. பட்டறைகள் மூடியபின் ஸ்பிரிங்பர்ன் எழுந்திருக்கவே இல்லை என்றார் பாட்டி. அந்தப் பட்டறைகள் மூடிக்கொண்டிருந்த அறுபதுகளில்தான், பக்கத்து மேட்டில் ரெட் ரோடு எழுந்தது.

எட்டுக் கட்டடங்கள். வடிவமைத்தவர் சாம் பண்டன். 1964-இல் வேலை தொடங்கி 1969-இல் முடிந்தது. உயரமானவை 31 மாடி, 89 மீட்டர். அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலேயே மிக உயரமான குடியிருப்புகளில் சேர்த்தி. மற்ற இடங்களில் காங்கிரீட் என்றால் இங்கே எலும்புக்கூடு முழுவதும் எஃகு. எஃகுக்கு நெருப்பு ஆகாது, அதனால் ஆஸ்பெஸ்டாஸ் பலகை அடித்து மூடினார்கள். அதை அறுத்தவர்கள் பலருக்குப் பிற்காலத்தில் நுரையீரல் போனது. கிட்டத்தட்ட 4,700 பேர் வாழ்வதற்கு என்று கட்டியது.

பாட்டி 1969-இல் குடிபோனார். புருஷன், இரண்டு பிள்ளைகள், 27-வது மாடி.

"முதல் ராத்திரி என்ன பண்ணினோம் தெரியுமா? குளிச்சோம். தொட்டியை ரொப்பினேன், பிள்ளைங்க குளிச்சாங்க. காலி பண்ணி ரொப்பினேன், அவர் குளிச்சார். மறுபடி ரொப்பினேன். நான் மட்டும், கதவைப் பூட்டிக்கிட்டு. இருபத்திரண்டு வயசுல முதல் தடவையா ஒரு கதவைப் பூட்டிக்கிட்டுத் தனியா இருந்தேன்."

இதை அவர் சொன்ன இடத்தில் இப்போது புல்லும் கம்பி வேலியும்தான். கோபுரம் நின்ற திசையைக் கையால் காட்டினார். வெறும் வானம். அந்த வானத்தில் ஓர் இடத்தைக் குறிபார்த்து விரலை நிறுத்தி, "அங்கே. அதுதான் சமையலறை" என்றார்.

பழைய அடுக்கு வீட்டில் பிள்ளைகள் கீழே முற்றத்தில் விளையாடும்போது பசித்தால் மேலே பார்த்துக் கத்துவார்களாம். அம்மா ஜன்னலைத் திறந்து, ரொட்டியில் ஜாம் தடவிக் காகிதத்தில் சுற்றிப் போடுவாள். அந்த ரொட்டிக்கு 'பீஸ்' என்று பெயர். 27-வது மாடியிலிருந்து ரொட்டி போட முடியாது, குரலும் எட்டாது. இதைச் சொல்லி அந்தக் காலத்தில் ஒரு பாட்டே இருந்தது. ஊர் முழுக்கப் பாடியது. பாட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். சாப்பாடு தயாரானால் சமையலறை ஜன்னலில் சிவப்புத் துண்டைத் தொங்க விடுவார். பிள்ளைகள் விளையாட்டுக்கு நடுவே அண்ணாந்து பார்த்துக்கொள்வார்கள். இருட்டிவிட்டால் விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுவார். மகன் நைட் ஷிஃப்ட் போகும் வயதில், கீழே பஸ் நிறுத்தத்தில் நிற்பவனுக்கும் அதே இரண்டு முறைதான்.

கட்டடம் ஆடுமா என்று கேட்டேன். "ஆடும். பெருங்காற்றில் தொட்டித் தண்ணீரில் அலை வரும். எஃகு அப்படித்தான், ஆடலைன்னா ஒடிஞ்சிடும்னு அவர் சொல்வார். அவர் கப்பல் பட்டறைக்காரர்." தரைக்கடியில் ஒரு பிங்கோ கூடமும் மதுக்கடையும் இருந்தன. வெள்ளிக்கிழமை ராத்திரி மழை மேலே படாமல் லிஃப்டில் இறங்கிப் போய் விளையாடிவிட்டு வரலாம்.

அப்புறம் என்ன ஆனது? லிஃப்ட்கள் போதவில்லை. அவ்வளவு பேருக்கு எண்ணி இரண்டு மூன்று. பழுதானால் நாள்கணக்கில் நின்றன. எழுபதுகளில் வேலைகள் போயின. குழந்தை இருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. காலி வீட்டில் நெருப்பு வைத்தார்கள். பராமரிக்கப் பணம் ஒதுக்கவில்லை. இத்தனையும் நடந்த பிறகு, பார், உயரக் கட்டடம் என்றாலே இப்படித்தான் என்று பேசினார்கள். பாட்டிக்கு இன்றும் ஆறாத கோபம் இதில். "வண்டிக்கு எண்ணெயே போடாம நாப்பது வருஷம் ஓட்டிட்டு, வண்டி சரியில்லைங்கறாங்க."

2000-க்குப் பிறகு அரசு, தஞ்சம் கேட்டு வந்தவர்களை லண்டனிலிருந்து பிற ஊர்களுக்குப் பிரித்து அனுப்பத் தொடங்கியது. ஸ்காட்லாந்தில் அவர்கள் வந்து சேர்ந்த ஊர் பெரும்பாலும் கிளாஸ்கோதான். ஏனென்றால் இங்கேதான் யாரும் விரும்பாத காலி வீடுகள் இருந்தன. ரெட் ரோட்டுக்கு கொசோவோவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. பல வருஷம் கழித்து அந்த நடைகளில் மறுபடி குழந்தைச் சத்தம் கேட்டது. ஆனால் அவர்களில் பலருக்கு அது வீடாகவில்லை. முடிவு வரும் வரை காத்திருக்கும் இடம், அவ்வளவே. 2010 மார்ச்சில், தஞ்சம் மறுக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் மூன்று பேர் அங்கே இறந்துபோனார்கள். பாட்டி பூ வைக்கப் போயிருந்தாராம். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

2014-இல் கிளாஸ்கோவில் காமன்வெல்த் விளையாட்டு. தொடக்க விழாவின் ஒரு பகுதியாக, மிச்சமிருந்த கோபுரங்களில் ஐந்தை வெடி வைத்துத் தகர்த்து அதை நேரலையில் உலகத்துக்குக் காட்டப் போவதாக அறிவித்தார்கள். ஆறாவதை மட்டும் விட்டுவைப்பார்கள், ஏனென்றால் அதில் தஞ்சம் கேட்டு வந்தவர்கள் இன்னும் குடியிருந்தார்கள். மற்றவர்கள் குடியிருக்க லாயக்கில்லாதது அவர்களுக்குப் போதும் என்று அர்த்தமா? ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. "என் பிள்ளைங்க வளர்ந்த சமையலறை அது. அதைப் பட்டாசா வெடிக்கப் பார்த்தாங்க" என்றார் பாட்டி.

2012-இல் ஒன்று, 2013-இல் ஒன்று ஏற்கெனவே போயிருந்தன. கடைசி ஆறையும் 2015 அக்டோபர் 11-ஆம் தேதி ஒரே நேரத்தில் தகர்த்தார்கள். புழுதி அடங்கியதும் பார்த்தால், இரண்டு முழுதாக விழவில்லை. அடிப்பகுதி நொறுங்கி, மேல் பாதி சாய்ந்தபடி நின்றுகொண்டிருந்தது. அப்புறம் இயந்திரம் வைத்து அறுத்தெடுத்தார்கள். பாட்டி அன்று தூரத்து மேட்டில் நின்று பார்த்தாராம். சந்தோஷப்பட்டீர்களா, அழுதீர்களா என்று கேட்டேன். "ரெண்டு நின்னுச்சுல்ல, அப்போ கை தட்டினேன்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் தூங்கிவிட்டார். தலை என் தோளில்.

ஐந்தாம் நாள், சனி

நாள் முழுக்க மழை. இங்கே மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வரும். பதினேழாவது மாடியில் மேகம் ஜன்னலுக்கு வெளியே நடந்து போகிறது. காலையில் ஒரு மணி நேரம் கீழே ஊரே இல்லை.

சித்தி மகளுக்கு லீவு. சாம்பார் வைத்தோம். எதிர் வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுக்கப் போனால் பாட்டி உள்ளே கூப்பிட்டார். "வராந்தாவுக்கு வா, குன்று தெரியுதான்னு பார்ப்போம்." வராந்தாவா என்று நின்றுவிட்டேன். ஆமாம், பால்கனிக்கு இந்த ஊரில் வராந்தா என்றுதான் சொல்கிறார்கள்! நம் பக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல், இங்கே பாட்டி வாயில் இவ்வளவு இயல்பாக. வராந்தாவில் இரண்டு கொடிக் கயிறு, ஒரு மடக்கு நாற்காலி, தொட்டியில் வெங்காயத்தாள். குன்று தெரியவில்லை.

சமையலறை இளஞ்சூடாக இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் இந்தக் கட்டடத்தின் வெளிச்சுவர் முழுக்கப் புது உறை போட்டு, ஜன்னல்களையும் மாற்றியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் வீட்டுக்குள்ளும் கோட் போட்டுக்கொண்டுதான் இருப்பாராம். இப்போது சூடாக்கும் செலவு குறைந்திருக்கிறது. கட்டடம் அதேதான், வயதும் அதேதான். யாரோ அக்கறையாகச் செலவு செய்ததும் அது வீடாகிவிட்டது. நேற்று பாட்டி சொன்ன எண்ணெய் போடாத வண்டி ஞாபகம் வந்தது. லண்டனில் 2017-இல் கிரென்ஃபெல் குடியிருப்புக் கோபுரம் வெளி உறையில் தீ பரவி எரிந்தபோது மட்டும் இந்தப் புது உறையை நினைத்துப் பல ராத்திரி தூக்கம் இல்லை என்றார். இங்கே போட்டது அந்த வகை இல்லை என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போன பிறகுதான் நிம்மதியாம்.

ஆறாம் நாள், ஞாயிறு

காலையில் மேரிஹில். விண்ட்ஃபர்ட் குடியிருப்பு. முன்பு ராணுவ முகாம் இருந்த இடம். 1941-இல் விமானத்திலிருந்து ஸ்காட்லாந்தில் குதித்த ஹிட்லரின் துணைத் தலைவர் ருடால்ஃப் ஹெஸ்ஸைக் கொண்டுவந்து வைத்த முகாம். அந்தப் பழைய மதில் இன்னும் குடியிருப்பைச் சுற்றி நிற்கிறது. உள்ளே அறுபதுகளில் கட்டிய நான்கு உயரக் கோபுரங்கள், 26 மாடி, எல்லாம் சேர்த்து 600 சின்ன வீடுகள் இருந்தன. அவற்றில் மூன்றை 2025 மார்ச்சில் ஒரே நாளில் தகர்த்துவிட்டார்கள்.

இதைத் தடுக்கக் குடியிருந்தவர்களில் ஒரு பகுதியினர் நீதிமன்றம் வரை போனார்கள். உறுதியான கட்டடம், செப்பனிட்டால் இன்னும் பல்லாண்டு நிற்கும், இடித்துக் கட்டினால் அவ்வளவு காங்கிரீட்டும் புகையும் வீண் என்பது அவர்கள் வாதம். ஒற்றை அறை வீடுகளில் யாருக்கும் விருப்பமில்லை, குடும்பங்களுக்கு ஏற்ற புது வீடு வேண்டும் என்பது மறுபக்கம். புது வீடு கிடைக்கும் என்று சந்தோஷப்பட்டவர்களும் அதே குடியிருப்பில் இருந்தார்கள். இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் இந்த ஊரில் வீட்டுக்காகக் காத்திருப்போர் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது, 600 வீட்டைக் கழித்துவிட்டு அதைவிடக் குறைவாகக் கட்டுவது எனக்கு மனசு ஒப்பவில்லை.

மதியம் ஆனிஸ்லாண்ட். இங்கே பார்க்க வேண்டியது ஆனிஸ்லாண்ட் கோர்ட். 22 மாடி, 1968-இல் முடிந்தது. ஜாக் ஹோம்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு. அடியில் கடை வரிசை, அதற்கு மேல் மெலிந்து எழும் காங்கிரீட் கோபுரம். இதை ஏ பிரிவுப் பாரம்பரியக் கட்டடமாக அறிவித்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் பாரம்பரியப் பட்டியலில் அதுதான் முதல் பிரிவு. யாரும் இஷ்டத்துக்குத் தொட முடியாது. ரெட் ரோடு கட்டிய அதே ஆண்டுகளில், அதே நகர சபைக்காக, அதே மாதிரி குடும்பங்களுக்கு எழுந்தது. கீழே நின்று வெகுநேரம் பார்த்தேன். மழை நின்று வெயில் அடித்தபோது ஈரக் காங்கிரீட் வெள்ளி மாதிரி மின்னியது. ஒரு பையன் முதுகில் கால்பந்துப் பையோடு வாசலில் நம்பர் அழுத்தி, மேலே யாரிடமோ "நான்தான்" என்றான். கதவு திறந்தது.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஸ்காட்ஸ்டன் கிங்ஸ்வே கோபுரங்கள். 2000-களின் நடுவில், தஞ்சம் மறுக்கப்பட்ட குடும்பங்களைப் பிடித்துப் போக அதிகாரிகள் விடியற்காலையில் வண்டியோடு வந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கட்டடங்களில் பல வருஷமாகக் குடியிருந்த வயதான பெண்கள் இருட்டிலேயே எழுந்து கீழே வந்து காவல் நின்றார்கள். வண்டி வருவது தெரிந்தால் உடனே மேலே செய்தி போகும். குடும்பம் பக்கத்து வீட்டுக்குள் மறைந்துவிடும். உயரக் கட்டடத்தில் யாருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் முகம் தெரியாது என்று சொல்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ராத்திரி ரயில். எட்டரைக்கு டாக்சி சொல்லியிருந்தோம். கிளம்பும்போது பாட்டி ஒரு காகிதப் பொட்டலம் கொடுத்தார். பிரித்துப் பார்க்காமலே தெரிந்தது, ரொட்டி, ஜாம். "ரயிலில் சாப்பிடு ஹென்" என்று என் கன்னத்தைத் தொட்டார். நம் வழக்கப்படி காலைத் தொடக் குனிந்தேன். எதையோ கீழே தவறவிட்டேன் என்று நினைத்து அவரும் குனிந்து தேடினார். சித்தி மகள் விளக்கிச் சொன்னதும் என் தலையில் கை வைத்தார், கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

ஒற்றைப்படை லிஃப்டில் இறங்கினேன். வெளியே காற்று. டாக்சியின் பின்கதவைத் திறந்து பெட்டியை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தேன். இருபது வரிசை ஜன்னல்கள், பாதியில் வெளிச்சம். கீழிருந்து எண்ண ஆரம்பித்துப் பதினொன்றில் தப்பவிட்டேன். மறுபடி தொடங்கினேன். டிரைவர் பொறுமையாகக் காத்திருந்தார். பதினேழாவது வரிசையில் ஒரு சமையலறை விளக்கு அணைந்து எரிந்தது. அணைந்து, மறுபடி எரிந்தது.